எல்லாருக்கும் சோடா

"தேத்தண்ணி வேண்டாம் பிள்ளை, நெஞ்செரிவு. ஒரு சோடா இருந்தால் தாங்கோ. உடைக்காத போத்தலாய்."

மெல்பேர்னில், கிளேட்டனில் நான் வாடகைக்கு இருந்த சின்ன பிளாட்டின் முன்னறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்நேரம் இராசமணி அன்ரி இப்படிச் சொன்னார். எழுபதுகளின் நடுப்பகுதி, நல்ல குளிர்காலம். விருந்தாளிகள் வருகிறார்கள் என்று மத்தியானமே ஹீற்றரைப் போட்டு அறையைச் சூடாக்கி வைத்திருந்தேன்.

தட்டத்தில் நான்கு கோப்பைத் தேநீர் ஆவி பறந்துகொண்டிருந்தது. பக்கத்தில் வடை. உளுந்து கிடைக்காத காலம் அது. பட்டாணிப் பருப்பை முதல்நாளே ஊறவைத்து, பெருஞ்சீரகமும் செத்தல் மிளகாயும் போட்டுச் சுட்டிருந்தேன். வீடெல்லாம் எண்ணெய் வாசம்.

அன்ரிக்குப் பக்கத்தில் அவருடைய கணவர், டொக்டர். அவர் என் கம்பளத்தில் ஏதோ எழுதியிருப்பதுபோல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்க் கதிரையில் சிவனேசன். நான் கட்ட நினைத்திருந்த மனிதர். அன்ரி அவருடைய சின்னம்மா. தாயார் யாழ்ப்பாணத்தில் இருந்ததால், தாயாரின் இடத்தில் நின்று பெண் பார்க்க அன்ரி வந்திருந்தார்.

நெஞ்செரிவுக்குச் சோடா குடிப்பவர்கள் உலகத்தில் இருக்கக்கூடும். ஆனால் உடைக்காத போத்தல் என்று சொல்லிக் கேட்டால், அதன் பொருள் யாழ்ப்பாணத்தில் பிறந்த எவருக்கும் தெரியும். அந்த அறையில் நாங்கள் நான்கு பேர். நான்கு பேருக்கும் தெரிந்தது.

கூச்சமா, எனக்கா?

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவேன்.

நான் மெல்பேர்ன் பள்ளிக்கூடத்தில் கால்வைத்த கதையைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அம்மா, வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு அவர்களுடைய ஆங்கில நாவலையே சொல்லிக்கொடுக்க உங்களுக்குக் கூச்சமாக இருக்கவில்லையா?"

கூச்சமா? எனக்கா?

அந்தக் கேள்வியை அவருக்கு முன்பே ஒருவர் கேட்டுவிட்டார். எங்கள் ஆங்கிலப் பிரிவின் தலைவி மிஸஸ் டோசன். நல்ல மனுஷிதான். கடைசி வகுப்புக்குரிய நாவலை என் கையில் தரும்போது மட்டும் தயங்கினார். ஏறக்குறைய நூற்றறுபது வருஷத்துப் பழைய ஆங்கிலக் கதை. "இதன் சமூகப் பின்னணி உங்களுக்கு அந்நியமாக இருக்கலாம். கஷ்டமென்றால் சொல்லுங்கள், வேறு ஆளைப் போடுகிறேன்" என்றார்.

நான் வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு நாளில் படித்து முடித்தேன்.

ஒரு சின்ன ஊர். வரிசையாகப் பெண்களைப் பெற்று வைத்துக்கொண்டு நித்திரையில்லாமல் தவிக்கும் ஒரு தாய். பக்கத்துப் பெரிய வீட்டுக்குக் கலியாணம் ஆகாத பணக்காரன் ஒருவன் குடிவருகிறான். அவன் முகத்தை எவரும் பார்க்கவில்லை, ஆனால் அவனுக்கு என்ன வருமானம் என்பது ஊருக்கே தெரியும். அவனோடு வந்த இன்னும் பெரிய பணக்காரன் முதல் விருந்திலேயே ஒரு பெண்ணைப் பற்றி, அவள் காதில் விழும்படி, இளக்காரமாக ஒரு சொல் சொல்கிறான். அவள் அந்தக் கணமே இவன் எப்படிப்பட்டவன் என்று முடிவு கட்டிவிடுகிறாள். மிச்சக் கதை முழுவதும் அந்த முடிவு சரியா பிழையா என்பதுதான்.

இதில் எனக்கு அந்நியமாக இருந்தது அந்த விருந்தில் ஆடும் நடனம் ஒன்றுதான். திங்கட்கிழமை மிஸஸ் டோசனிடம் போய், "இந்தப் புத்தகத்தை இந்தப் பள்ளிக்கூடத்தில் என்னைவிட நன்றாக விளங்கிய ஆள் இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்றேன். அவர் சிரித்தார். வகுப்பு எனக்கே வந்தது.

வகுப்பில் முதல் நாள், முன்வரிசைப் பெண் ஒருத்தி எரிச்சலோடு கேட்டாள்: "மிஸ், அந்தப் பெண்கள் எல்லாரும் ஏன் ஒரு வேலை தேடிப் போகக்கூடாது?" மற்றவர்கள் ஆமோதித்தார்கள். கடைசி வரிசையில் எலேனி என்ற கிரேக்கப் பிள்ளை மட்டும் கையை உயர்த்தினாள். "அந்த அம்மாவைப் பார்த்து ஏன் எல்லாரும் சிரிக்கிறீர்கள்? என் பெரியம்மா அப்படித்தான். போன மாதம் என் அக்காவைப் பார்க்க ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தா."

அன்றிலிருந்து எலேனியும் நானும் ஒரு கட்சி.

எவடம்?

சிவனேசனை நான் முதலில் கண்டது ஒரு சரஸ்வதி பூசையில். தேவாலயத்தின் பின்புறத்து மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, மேசைமேல் படத்தை வைத்து, நாற்பது ஐம்பது தமிழர்கள் கூடியிருந்தோம். மெல்பேர்னில் அப்போது எங்கள் ஆட்கள் அவ்வளவுதான். தெருவில் ஒரு சேலையைக் கண்டால் பஸ்ஸை விட்டு இறங்கிப் போய்க் கதைக்கிற காலம்.

கதைக்கத் தொடங்கினால் முதல் கேள்வி ஒன்றுதான்: "ஊரில எவடம்?" ஊரைச் சொன்னால் அடுத்தது: "அதில எந்தப் பக்கம்?" பக்கத்தைச் சொன்னால் போதும், மூன்றாவது கேள்வி தேவையில்லை. நீங்கள் யார், உங்கள் வீட்டுக் கிணற்றில் யார் தண்ணீர் அள்ளுவார்கள், உங்களுக்கு யார் பெண் கொடுப்பார்கள் எல்லாம் தெரிந்துவிடும். கேட்டவரின் முகத்தில் சிரிப்பு இருக்கும், கண்ணில் இருக்காது.

எங்கள் சாதியின் பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் உங்களில் சிலர் இந்த அத்தியாயத்தில் அதை மட்டும்தான் ஞாபகம் வைத்திருப்பீர்கள். கோவில் வீதியில் தேர் வரும்போது நாங்கள் எவ்வளவு தூரத்தில் நின்றோம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள், போதும்.

படைத்த சர்க்கரைப் புக்கையை வாழையிலைக்குப் பதில் காகிதத் தட்டில் வாங்கிக்கொண்டு நான் திரும்ப, உயரமாக ஒருவர் வந்து நின்றார். கோட்டும் சூட்டும். ரயில்வேயில் என்ஜினியர் என்று பிறகு தெரிந்தது. வாயைத் திறந்ததும் கேட்டார்: "நீர் எவடம்?"

"கிளேட்டன்" என்றேன்.

"இல்லை, ஊரில?"

"ஊரிலயிருந்து வெளிக்கிட்டாச்சு. இப்ப கிளேட்டன்தான். ரயில்வே ஸ்டேஷனுக்குக் கிட்ட."

அவர் திகைத்துப் போய்ச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இவனும் அவர்களில் ஒருவன்தான் என்று அந்த இடத்திலேயே முத்திரை குத்திவிட்டு வடையை எடுக்கப் போய்விட்டேன்.

ஆனால் அவர் விடவில்லை. அடுத்த கூட்டத்துக்கும் வந்தார், அதற்கடுத்ததற்கும் வந்தார். எவடம் என்று திரும்பக் கேட்கவே இல்லை. நான் என்ன படிப்பிக்கிறேன் என்று கேட்டார். நாவலின் கதையைச் சொன்னேன். புத்தகத்தை இரவல் வாங்கிக்கொண்டு போய், மூன்று கிழமை கழித்து, பக்கங்களின் மூலைகளை மடித்துக் கொண்டுவந்து தந்தார்.

"எனக்கு அந்தத் தாய் மனுஷியில கோவம் வரேல்லை. இத்தனை பொம்பிளைப் பிள்ளையளை வைச்சுக்கொண்டு அவ வேற என்ன செய்யிறது?" என்றார்.

படித்த ஆண்கள் அந்தப் பாத்திரத்தைப் பார்த்துச் சிரிப்பதைத்தான் அதுவரை கண்டிருக்கிறேன். இவர் அவளுக்காகப் பரிந்து பேசியதும் என் முத்திரை ஆட்டம் கண்டது. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் தன் பழைய காரில் என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனார். குளிர்காற்றில் மீன் பொரியலும் உருளைக்கிழங்குப் பொரியலும் காகிதத்தில் சுற்றி வாங்கிச் சாப்பிட்டோம். நான் பகடி விட்டால் அவருக்குக் கண்ணில் நீர் வரும்வரை சிரிப்பார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. இந்த வயதில் அதை மறைத்து என்ன காணப்போகிறேன்?

ஒருநாள் நானாகவே சொன்னேன், எவடம், எந்தப் பக்கம் என்று. அவர் காரின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "எனக்கு அதெல்லாம் ஒண்டுமில்லை" என்றார். நான் நம்பினேன்.

கட்டிலுக்குக் கீழே ஒரு பெட்டி

என் அப்பா கந்தையா வாத்தியார். எங்கள் பகுதியில் முதலில் படித்து உத்தியோகம் எடுத்தவர். எங்கள் வீட்டில் கட்டிலுக்குக் கீழே எப்போதும் ஒரு மரப்பெட்டி இருக்கும். அதில் சோடாப் போத்தல்கள். பிள்ளைகள் தொட்டால் அடி விழும்.

அவை எங்களுக்காக வாங்கியவை அல்ல. தலைமையாசிரியர் வருவார், ஊர் விதானையார் வருவார், வட்டாரக் கல்வி அதிகாரி வருவார். வந்தால் அப்பா குனிந்து ஒரு போத்தலை இழுத்தெடுத்து, துணியால் துடைத்து, அவர்கள் கண் முன்னாலேயே கோலியை உள்ளே குத்தி உடைத்துக் கொடுப்பார். அவர்கள் போத்தலோடு அண்ணாந்து குடித்துவிட்டுப் போவார்கள். எங்கள் வீட்டுத் தண்ணீரோ எங்கள் வீட்டுக் குவளையோ அவர்கள் உதட்டில் படக்கூடாது. கடையில் அடைத்து மூடியது என்றால் தீட்டில்லை.

எனக்கு அது தெரியாது. பெரிய மனிதர்களின் தொண்டைக்குத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது, அவர்கள் சோடா மட்டும்தான் குடிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். எனக்கு ஆறோ ஏழோ வயது இருக்கும். நல்ல வெயிலில் கல்வி அதிகாரி வந்திறங்கினார். பாவம் மனுஷன், வியர்த்து வழிந்தது. நான் ஓடிப்போய்க் கிணற்றில் அள்ளி, செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன்.

அவர் செம்பைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா என் கையிலிருந்து செம்பைப் பிடுங்கி வாசலில் ஊற்றிவிட்டு, பெட்டியை இழுத்தார். அன்று போத்தலை உடைக்க அவருக்குக் கை வரவில்லை, இரண்டு மூன்று தரம் குத்த வேண்டியிருந்தது. அப்பாவின் கழுத்து சிவந்திருந்ததை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

எனக்கு அன்றைக்கு அதிகாரிமேல் கோபம் வரவில்லை, அப்பாமேல்தான் வந்தது. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

நாலு போத்தல்

சரி, கிளேட்டனுக்குத் திரும்புவோம்.

அன்ரியும் டொக்டரும் மல்கிரேவில் அப்போதுதான் புது வீடு கட்டிக் குடிபோயிருந்தார்கள். வெள்ளைக்கார அயலவர்களோடு வேலிக்கு மேலால் கதைப்பார்கள். அவர்கள் வீட்டில் இறைச்சியை நெருப்பில் வாட்டினால் போய்ச் சாப்பிட்டுவிட்டும் வருவார்கள். அந்த அயலவர் என்ன சாதி, எந்தப் பக்கம் என்று அன்ரி ஒருநாளும் விசாரித்ததில்லை. என்னைப் பற்றி மட்டும் ஊரில் தெரிந்த ஒருவருக்குக் கடிதம் போட்டு விசாரித்து முடித்துவிட்டுத்தான் வந்திருந்தார். அது அந்தச் சோடாவைக் கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது.

எனக்கு முப்பது வயது. பட்டப்படிப்பு முடித்து, கடல் கடந்து வந்து, சொந்த உழைப்பில் வாடகை கட்டி இருக்கிற வீடு. என் வீட்டுக்குள்ளேயே வந்திருந்து கேட்கிறா.

"இந்த வீட்டில சோடா வைச்சிருக்கிறதில்லை அன்ரி. தேத்தண்ணி இருக்கு. தண்ணி இருக்கு, பைப்பைத் திறந்தால் வரும். குடிக்கிறதெண்டால் குடியுங்கோ" என்றேன்.

அன்ரி, "நான் ஒண்டும் பிழையாய்ச் சொல்லேல்லையே பிள்ளை. வயித்துக்கு ஒத்துக்கொள்ளாததைச் சொன்னனான்" என்றார்.

நான் சிவனேசனைப் பார்த்தேன். அவர் எழுந்தார். என் மனம் துள்ளியது. கோப்பையை எடுத்து ஒரு வாய் குடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வாய்தான்.

"ஒரு நிமிஷம் இருங்கோ, வாறன்" என்றார். சப்பாத்தை மாட்டிக்கொண்டு கீழே இறங்கி ஓடினார்.

ஐந்து நிமிஷம். டொக்டர் ஒரு தரம் இருமினார். தேநீரில் ஆடை படர்ந்தது.

மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். தெருமுனை மில்க் பார் கடையில் வாங்கிய லெமனேட் சோடா, நாலு போத்தல். அன்ரிக்கு ஒன்று, டொக்டருக்கு ஒன்று, தனக்கு ஒன்று. நாலாவதை என் முன்னால் வைத்தார். மூடியைத் திறக்கும் கருவியையும் கையோடு வாங்கி வந்திருந்தார்.

"எல்லாருக்கும் சோடா" என்றார், சிரித்துக்கொண்டே. பெரிய சிக்கலைத் தீர்த்துவிட்ட சந்தோஷம் முகத்தில்.

நான் தட்டத்திலிருந்து ஒரு கோப்பையை எடுத்து, நின்றபடியே, அந்த ஆறிய தேநீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். பிறகு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன். "போயிட்டு வாங்கோ அன்ரி. குளிர் உள்ளுக்கு வரும், கெதியாய் இறங்குங்கோ."

இரண்டாம் தடவை

நாவலில், இளக்காரமாகப் பேசிய அந்தப் பணக்காரன் முதலில் கேட்கும்போது பெண் முகத்தில் அடித்தாற்போல மறுத்துவிடுகிறாள். பிறகு அவன் திருந்தி இரண்டாம் தடவை வந்து கேட்கிறான், சம்மதிக்கிறாள். முதல் பார்வையை நம்பாதே என்பது பாடம். நான் கரும்பலகையில் எழுதிப் போட்டதும் அதுதான்.

சிவனேசனும் இரண்டாம் தடவை வந்தார், ஒரு மாதம் கழித்து, தனியாக. கதவைத் திறந்ததும், "தேத்தண்ணி தாரும்" என்றார். இரண்டு கோப்பை குடித்தார். பானையில் இருந்த மத்தியானச் சோற்றையும் கறியையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"அண்டைக்கு நான் செய்தது மடைத்தனம். எல்லாருக்கும் ஒரே சாமானெண்டால் ஒருத்தருக்கும் அவமானமில்லை எண்டு நினைச்சன். சின்னம்மாவோட கதைச்சு முடிச்சிட்டன். அவை கலியாணத்துக்கு வராட்டிலும் பரவாயில்லை. எனக்கு நீர்தான். அம்மாவுக்கும் எழுதிப் போட்டன்" என்றார்.

'ஓம், சம்மதம்' என்ற சொல் என் தொண்டைவரை வந்துவிட்டது. ஒரு மாதமாக அந்த மனிதரை நினைத்துச் சோறு இறங்காமல் கிடந்தவள் நான். ஆனாலும் கேட்டேன்.

"அம்மாவுக்கு என்னெண்டு எழுதினீங்கள்?"

அவர் கோப்பையைச் சுழற்றினார். "எங்கட ஆக்கள்தான் எண்டு. கொழும்பில பிறந்து வளர்ந்த பிள்ளை, ஊரோட தொடர்பில்லை எண்டு."

"என்ர அப்பா?"

"அப்பா..." என்று இழுத்தார். "அப்பா காலமாயிட்டார் எண்டு எழுதினனான். உயிரோட இருக்கிறாரெண்டால் அம்மா போய் விசாரிப்பா, பரமேஸ். சின்னம்மாவும் வாய் திறக்கமாட்டா. கலியாணம் முடிஞ்சாப் பிறகு மெல்ல மெல்லச் சொல்லலாம். கோவிக்காதையும்."

என் அப்பாவின் கடிதம் மூன்று நாளுக்கு முன்தான் வந்திருந்தது. மழை நல்லது, முழங்கால் நோ குறைவு, வெள்ளைக்காரப் பிள்ளைகள் உனக்கு அடங்குகிறார்களா என்று கேட்டு எழுதியிருந்தார். அவரை இந்த மனிதர் இரண்டு வரியில் கொன்று, தாயாருக்குத் தபாலில் அனுப்பிவிட்டிருந்தார்.

நான் கத்தவில்லை. மேசை லாச்சியைத் திறந்து ஒரு நீல எயர்லெற்றர் தாளை எடுத்து, பேனையோடு அவர் முன்னால் வைத்தேன்.

"இப்ப எழுதுங்கோ. என்ர ஊர், என்ர பக்கம், என்ர அப்பாவின்ர பேர். அவர் சுகமாய் இருக்கிறாரெண்டு எழுதுங்கோ."

பேனையை எடுத்தார். வெளியே விலாசத்தை எழுதினார், உள்ளே 'அன்புள்ள அம்மாவுக்கு' என்று எழுதினார். அழகான எழுத்து. அதற்குப் பிறகு பேனை நகரவில்லை. நான் குசினிக்குப் போய்க் கோப்பைகளைக் கழுவித் துடைத்து அடுக்கிவிட்டு வந்தேன். அப்போதும் அதே இரண்டு சொல்தான்.

"அம்மா தாங்கமாட்டா" என்றார் மெதுவாக.

"என்ர அப்பா செத்துப்போனாரெண்டதை நான் தாங்கிக்கொண்டு நிக்கிறன்."

கடிதத்தை என் பக்கம் இழுத்தேன். அவர் எழுதிய இரண்டு சொல்லுக்குக் கீழே நான் எழுதத் தொடங்கினேன். நான் பரமேஸ்வரி. இன்ன ஊர், இன்ன பக்கம். ஆசிரியர் கந்தையாவின் மூத்த மகள். என் தகப்பனார் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறார். உங்கள் மகன் உங்களுக்கு எழுதியது பொய். அவர் என்னை இரண்டு தடவை கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

என் தோளுக்கு மேலால் படித்துக்கொண்டிருந்த சிவனேசனுக்கு, அந்தக் கடைசி வரியில்தான் என் பதில் தெரிந்தது.

தெருமுனைத் தபால்பெட்டிவரை கூடவே வந்தார். "ஒருக்கா யோசியும் பரமேஸ்" என்றார். யோசித்துத்தான் எழுதினனான் என்று சொல்லிக் கடிதத்தைப் போட்டேன். அவர் காரில் ஏறினார். நான் வீட்டுக்கு வந்து வாய்விட்டு அழுதேன். பிறகும் பல நாள் அழுதேன். முதல் நாளே போட்ட முத்திரையை நம்பியிருந்தால் இவ்வளவு அழுதிருக்கத் தேவையில்லை. கரும்பலகையில் எழுதிய பாடத்தை அடுத்த வகுப்பிலேயே அழித்துவிட்டு, முதல் பார்வை சில வேளை சரியாகவும் இருக்கும் என்று எழுதிப் போட்டேன். எலேனி மட்டும் கைதட்டினாள்.

ஆறு கிழமை கழித்து யாழ்ப்பாணத்திலிருந்து என் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. சிவனேசனின் தாயார் எழுதியிருந்தார். நலம் விசாரிப்பு ஒன்றும் இல்லை, மூன்றே வரி. என் கடிதம் கிடைத்ததாம். மகன் எழுதியது பொய் என்று அறிந்துகொண்டாராம். இந்தச் சம்பந்தம் தங்களுக்குச் சரிவராதாம்.

படித்துவிட்டுத் தனியே நின்று சிரித்தேன். சரிவராது என்று சொல்லும் உரிமை அதுவரை அவர்களிடம்தான் இருந்தது. இந்தத் தடவை நான் முந்திவிட்டேன்.